ரங்கூன் கவரின் பின்பக்கம்

மொஹ்சின் வாங்கிய கவர் காலியாக இருந்தது. போர்க்காலக் கவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். சேகரிப்பவர்களுக்கு வேண்டியது தபால்தலையும் முத்திரையும். கடிதத்தை யாரும் கேட்பதில்லை.

1942 ஜனவரி, ரங்கூன். தணிக்கைக்காரர்கள் இடது ஓரத்தை வெட்டித் திறந்து, மறுபடி தாள்பட்டை ஒட்டியிருந்தார்கள். அனுப்பியவர் ஜே. சவரிமுத்து, ரங்கூன் துறைமுகம். பெறுபவர் அவர் மனைவி அந்தோணியம்மாள், பாய்மரச் சந்து, ராயபுரம்.

மொஹ்சினுக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி வேலை. டிசம்பரில் அவன் கலந்துகொள்ளும் தபால்தலைக் கண்காட்சி. கவருக்குக் கீழே அதன் மனிதர்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்துக்குப் போனான்.

டீக்கடைப் பரசுராமன் கவரை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா பாய், செத்தவங்களுக்குக் கூரியரா?"

"சவரிமுத்துன்னு ஒருத்தர். ரங்கூன்ல இருந்தவர். குடும்பத்துல யாராவது இருக்காங்களா?"

"ரங்கூன்காரன் வூடுன்னு கேளேன், பேர சொல்லிக்கினு கீறே. அதோ பச்சக் கதவு. புள்ள டென்னிஸ் கீது. பெருசு. ஆனா அப்பன் பேர எடுக்காத, தொரத்தும்."

டென்னிஸுக்கு எண்பது தாண்டியிருந்தது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வாசலில் நிறுத்தியே பேசினார்.

"அவன் ஓடிப்போனவன். ரங்கூன்ல வேற ஒருத்திய வச்சிக்கினான். ஒரு கடுதாசி போடலன்னு எங்கம்மா சாவுற வரிக்கும் சொல்லிச்சு. மீன் கூட தூக்கி என்ன வளத்துச்சு. போ பாய்."

மொஹ்சின் கவரை நீட்டினான்.

டென்னிஸ் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எப்ப போட்டது?"

"ரங்கூன்ல குண்டு விழுந்த அடுத்த மாசம்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மொஹ்சினுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"அப்ப எழுதிக்கீறாரு." கவரை மடியில் வைத்துக்கொண்டார். "சண்டையில தபாலு எங்கியோ மாட்டிக்கிச்சு. பாவம் எங்கம்மா, வரும் வரும்னு பாத்து வெறுத்துப் போயிருக்கும்."

"ஆமா ஐயா."

"கல்லறத் திருநாளு வருது பாய். வருசா வருசம் அம்மாவுக்கு மட்டும் மெழுகுவத்தி ஏத்துவேன். காசிமேட்டுக் கல்லறையில நடுவுல ஒரு பெரிய சிலுவ கீது. கடல்ல போனவங்க, உடம்பு கெடைக்காதவங்க, எல்லாருக்கும் அங்கதான் ஏத்துவாங்க. இந்த வருசம் அங்க நைனாவுக்கு ஒண்ணு."

மொஹ்சினுக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்குக் கவரைக் காட்டினாலும் பின்பக்கத்தையும் காட்டுவது அவன் பழக்கம். அவர் மடியிலிருந்த கவரைத் திருப்பினான்.

"விசேஷமே பின்னாடிதான். ரங்கூன் ஜப்பான்காரன்கிட்ட விழறதுக்கு முன்னாடி இங்க வந்து சேர்ந்த தபால் கம்மி. பாருங்க, ராயபுரம் டெலிவரி முத்திரை. பிப்ரவரி."

"அப்டின்னா?"

சொன்ன பிறகுதான் மொஹ்சினுக்குப் புரிந்தது.

"ராயபுரம் போஸ்டாபீஸ் வரைக்கும் வந்திருக்கு."

"வூட்டுக்கு?"

"அங்கேயே நின்னிருக்கலாம்."

"உனக்கு எங்கேர்ந்து கெடச்சுது?"

"வண்ணாரப்பேட்டையில, பழைய பேப்பர்காரர்கிட்ட."

"அவனுக்கு எங்கேர்ந்து?"

மொஹ்சின் தயங்கினான். "ஏதோ தகரப்பெட்டிக்குள்ள இருந்துச்சாம். மூடியில மாதா படம் ஒட்டியிருந்ததாம்."

டென்னிஸ் அறையின் மூலையைப் பார்த்தார். அங்கே இரண்டு செங்கல் மட்டும் இருந்தன.

"அம்மா பெட்டி. சாவி இல்ல. போன வருச மழையில தண்ணி பூந்து துரு ஏறிச்சு. நான்தான் பூட்டோட எடைக்குப் போட்டேன். அப்ப கடுதாசி அம்மா கைக்கு வந்துக்கீது."

கவரின் வாயைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

"இதுல இருந்தது?"

"காலியாத்தான் வந்துச்சு ஐயா."

கவரைத் திருப்பிக் கொடுத்தார். மொஹ்சின் எழுந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

கண்காட்சிக்கு நாலு வரி எழுத முடியவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம், கவரைக் கொடுத்துவிடலாம் என்று மொஹ்சின் காசிமேட்டுக்குப் போனான். கல்லறைகளைக் கழுவிச் சாமந்தி போட்டிருந்தார்கள். பிரியாணிப் பொட்டலங்களோடு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. டென்னிஸ் பெரிய சிலுவையடியில் தனியாக நின்றார். முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. இன்னொன்று கையில் இருந்தது.

"கவர் உங்களுக்குத்தான் ஐயா."

"காலி கவரு எனக்கு இன்னாத்துக்கு? நீயே வச்சிக்கோ."

கையிலிருந்ததை நீட்டினார்.

"எங்கம்மா அந்தச் செவுத்தோரம் கீது. நீ போய் ஏத்திட்டு வா பாய். எனக்குக் கை வரல."

அந்தக் கல்லறையை மட்டும் யாரும் கழுவவில்லை. போன வருட மெழுகு அப்படியே கிடந்தது. கல்லில் அந்தோணியம்மாள், கீழே கல் நட்ட மகன் டென்னிஸ். புருஷன் பெயர் இல்லை. மொஹ்சின் பற்றவைத்தான். கடல் காற்றில் அணைந்தது. கையால் மறைத்துப் பற்றவைத்தான். கையை எடுத்ததும் அணைந்தது. திரும்பி வந்தான்.

"நிக்க மாட்டேங்குது ஐயா. காத்து."

"வுடு." டென்னிஸ் சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. "அடுத்தது என்னையும் அதே குழியிலதான் எறக்குவாங்க."

மெழுகுவத்தியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.