வெள்ளை டைல்ஸ் நூலகம்

நூலகம் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் ஒரே பதில்தான் சொல்வேன்: பிள்ளைகள் போகிற இடத்தில். எங்கள் பாடசாலையில் அது கென்டீன். இடைவேளை மணி அடித்ததும் முழுப் பாடசாலையும் அங்கேதான் நிற்கும். கென்டீனை ஒட்டி, உடைந்த கதிரைகள் அடைத்த ஓர் அறை சும்மா கிடந்தது. நூலகப் பொறுப்பாசிரியை நான், அதைத்தான் கேட்டேன்.

அதிபர் ஜுனைட் சேர் நல்ல மனிதர். அதுதான் பெரிய கரைச்சல்; நல்ல மனிதரோடு சண்டை பிடிக்க முடியாது. கட்டாரில் தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவரின் தயவில், மேல்மாடியில் அவருடைய அலுவலகத்தை அடுத்த அறைக்கு வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். வருகிற பெரியவர்கள் கண்ணில் படுகிற இடம், நூலகம் அங்கேதான் என்று முடித்துவிட்டார். எங்களுடையது கடற்கரை ஊர், பாடசாலை வளவு முழுக்க மணல். ஆகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவும் என்று கதவில் ஒட்டியும் வைத்தார்.

படியேறி, சப்பாத்து நாடாவை அவிழ்த்து, திரும்பக் கட்டுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். போதாததற்கு அதிபரின் கதவைத் தாண்ட வேண்டும். எந்தப் பிள்ளை வரும்? அந்தத் தவணை மூன்று மாதமும் நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்து, அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். சேர் மட்டும் வந்து தரையைப் பார்த்துப் பூரிப்பார்.

"பாருங்க டீச்சர், அல்ஹம்துலில்லாஹ், இன்னும் ஒரு கறை இல்ல."

எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தவணை ஒரு கூடையில் புத்தகங்களை அள்ளிக்கொண்டு கென்டீன் வாசலில் போய் நின்றேன். ரோல்ஸ் தின்ற எண்ணெய்க் கையோடு பறித்துக்கொண்டு போனார்கள். எட்டாம் வகுப்பு பஸ்மிலா ஒன்றை முடித்துவிட்டு இரண்டாம் பாகம் கேட்டாள். மேலே அலுமாரிகள் காலியாகிக்கொண்டு வந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு, நூலகத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. சேர் அலுமாரியைத் திறந்தார். முகம் வெளிறிப் போனது. புத்தகங்கள் பிள்ளைகளிடம் இருக்கின்றன, அவர்களிடம்தான் இருக்க வேண்டும் என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை. நாளைக் காலையில் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து ஒப்படைக்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்.

மறுநாள் படி நிறையப் பிள்ளைகள், வாசல் நிறையச் சப்பாத்து. பஸ்மிலா பாதி வாசித்த பக்கத்துக்குள் விரலை வைத்தபடி என் முன்னால் நின்றாள்.

"முடிச்சிட்டுத் தாறனே டீச்சர்."

நான் கையை நீட்டி அதை வாங்கி அலுமாரியில் வைத்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

சேர் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"பாத்தீங்களா டீச்சர், நான் சொன்னன்தானே. இடம் நல்லா இருந்தா பிள்ளைகள் வருவாங்க."