பட்டனைத் தள்ளி வைக்கச் சொன்னவள்

பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் காலை பத்து மணிக்கு நாலு காரியம் ஒன்றாக நடக்கும். போன் அடிக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். உள்ளேயிருந்து டாக்டரம்மா, "அடுத்தது யாரு?" என்று குரல் கொடுப்பார். பல் துளைக்கிற மெஷின் சத்தம் கேட்டு நாற்காலியில் ஒரு குழந்தை அழத் தொடங்கும். இரண்டு கையையும் ஒரு தோளையும் வைத்துக்கொண்டு ஒன்பது வருஷமாக இந்த நாலையும் அவள் சமாளித்து வந்தாள். அவளால் சமாளிக்க முடியாதது மேசை மேலிருந்த லேப்டாப் ஒன்றுதான்.

அன்றைக்கும் அப்படித்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ நேரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. அழிக்கப் போன விரல் ஒரு நூல் விலகி, பக்கத்திலிருந்த பவர் பட்டனில் பட்டுவிட்டது. திரை கறுத்தது. காலையிலிருந்து நிரப்பி வைத்திருந்த பதினாறு பேருடைய விவரம் போன இடம் தெரியவில்லை. மறுபடி போட்டதும் லேப்டாப் கல்யாண ஊர்வலம் மாதிரி முழங்கிக்கொண்டு எழுந்தது. அப்போதுதான் ஓய்ந்திருந்த குழந்தை மறுபடி வாயைத் திறந்தது.

டாக்டரம்மா கையுறையோடு எட்டிப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் செஞ்ச பொட்டிதானே இது? அவர்கிட்டயே சொல்லித் தொலையேன்."

டாக்டரம்மா சொன்னது நிஜம். அந்த லேப்டாப்பைச் செய்யும் கம்பெனியில் அவள் கணவன் பொறியாளன். எந்த விசை எங்கே இருக்க வேண்டும், எந்தத் துளை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வரைகிற பிரிவுக்கு அவன்தான் தலைவன்.

சொல்லாமலா இருந்தாள்? துணி மடிக்கும்போது சொன்னாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். அவன் நல்லவன்தான். பாத்திரம் கழுவுவான், அவளுக்கு ஜலதோஷம் என்றால் ராத்திரி எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பான். ஆனால் பட்டன் பேச்சை எடுத்தால் மட்டும், "பாக்கலாம்மா" என்பான். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கிற வாடிக்கையாளர் நிலைமை அதைவிட மோசம்.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவள் கம்பெனியின் வலைத்தளத்துக்குள் போனாள். 'உங்கள் விருப்பங்களை எழுதுங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. பெயர் கேட்ட இடத்தில் 'ரிசப்ஷன்காரி' என்று போட்டாள்.

'வணக்கம். உங்கள் லேப்டாப்பில் எழுத்தை அழிக்கும் விசைக்குப் பக்கத்திலேயே மொத்தத்தையும் அணைக்கும் பட்டன் இருக்கிறது. ஓர் எழுத்தை அழிக்கப் போய், பதினாறு பேருடைய விவரத்தோடு ஒரு காலைப்பொழுதையே அழித்துவிட்டேன். குளியலறைக் கதவைத் திறந்ததும் மாடிப்படி இறங்குகிற மாதிரி வீடு கட்டுவீர்களா? தயவுசெய்து பட்டனைத் தள்ளி வையுங்கள்.'

இரண்டு நாள் கழித்து அவன் வீட்டுக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"குளியலறைக் கதவைத் திறந்தா மாடிப்படியாம்! கேட்டியா கதையை?"

அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "யாருங்க அப்படிச் சொன்னது?"

"யாரோ ஒரு ரிசப்ஷன்காரி. கடிதப் பிரிவு அம்மா அதை அச்சடிச்சு என் மேசை மேல ஒட்டி வெச்சுட்டாங்க. வர்றவன் போறவன் எல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கிறான்."

"விடுங்க. பார்த்து அழுத்தத் தெரியாதவங்களா இருக்கும்."

"அப்படிச் சொல்லு!" என்றான் அவன். கைகால் கழுவப் போனவன் குளியலறை வாசலில் ஒரு நொடி நின்று தரையைப் பார்த்ததை அவள் கவனித்தாள். சிரிப்பை அடக்க அவரைக்காய்க் கூடையோடு திரும்பி உட்கார வேண்டியிருந்தது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த வாரம் சார்ஜர் பற்றி எழுதினாள். 'துளை இடது பக்கம், எங்கள் சுவரில் பிளக் வலது பக்கம். வயர் மேசையை வலம் வருகிறது. வாய் மரத்துப்போய் வெளியே வருகிறவர்கள் அதில் தடுக்கி, திட்டவும் முடியாமல் நிற்கிறார்கள்.' அதற்கடுத்து, கேட்காமலே நடுவேலையில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள் பற்றி எழுதினாள். 'பல்லைப் பாதி பிடுங்கிவிட்டு டாக்டர் சாப்பிடப் போனால் ஒத்துக்கொள்வீர்களா?' அதற்கும் அடுத்தது, யாரோ அரைகுறையாக மொழிபெயர்த்து வைத்திருந்த ஓர் அறிவிப்பைப் பற்றி. '"உங்கள் ஞாபகம் போதவில்லை" என்று அடிக்கடி திரையில் வருகிறது. இதை என் மாமியார் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். கணினி எப்படிச் சொல்லலாம்?'

இதைப் படித்த அன்று அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாவம் அந்த மாமியார்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பாவம்தான்" என்று அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. 'அந்தப் பொம்பளை' என்றிருந்தது 'அவங்க' ஆயிற்று. 'என்ன சொல்ல வந்துட்டாங்க' என்றிருந்தது 'இந்த வாரம் ஒண்ணும் எழுதலையே' என்று ஆயிற்று. ஒரு நாள் கடிதப் பிரிவு அம்மா, "எத்தனை நாளைக்கு நானே நன்றி நன்றின்னு பதில் போடறது? நீங்களே எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டாராம். அவனும் எழுதிவிட்டான்.

அந்தப் பதிலை அவள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் திறந்தாள்.

'அம்மா, முதலில் அந்தப் பட்டனை நான் ஓரத்தில்தான் வரைந்திருந்தேன். லேப்டாப் இன்னும் மெலிசாக வேண்டும் என்று மேலே முடிவானது. ஓரத்தில் பட்டன் உட்கார ஒன்றரை மில்லிமீட்டர் இடம் குறைந்தது. மூன்று கூட்டங்களில் வாதாடினேன். மூன்றிலும் தோற்றேன். நாளடைவில் அது என் சொந்த யோசனைதான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். யாராவது குறை சொன்னால் கோபம் வருகிறதே, அது ஏன் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. உங்கள் பதினாறு பேருடைய விவரங்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மூன்று கூட்டத்தில் தோற்றுவிட்டு வந்த அந்த மூன்று சாயங்காலங்களும் அவன் இவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

டாக்டரம்மா அவள் தோளுக்கு மேலாகப் படித்து முடித்தார். "ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவு உருகி எழுதியிருக்காரே. போய்ச் சண்டை போடு."

"யார்கூட டாக்டர்? என்கூடவேவா?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கூட வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள். அவன் முந்திக்கொண்டான்.

"வர்ற வியாழக்கிழமை, நல்லா எழுதின பத்துப் பேரைக் கம்பெனிக்குக் கூப்பிட்டிருக்கோம். ரிசப்ஷன்காரியும் பட்டியல்ல இருக்காங்க. கொஞ்சம் பயமா இருக்கும்மா."

"எதுக்குப் பயம்?"

"அவங்க சொல்றதெல்லாம் நியாயம். நேர்ல கேட்டா என்னன்னு பதில் சொல்றது?"

சொல்ல வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். 'நியாயம்' என்ற வார்த்தையை அந்த ரிசப்ஷன்காரி நேரிலேயே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அழைப்புக் கடிதம் மறுநாள் வந்தது. 'கட்டாயம் வருகிறேன்' என்று பதில் போட்டாள்.

வியாழக்கிழமை கம்பெனியின் கூட்ட அறையில் ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் மாவுக் கையைத் துடைக்கிற மாதிரி விசைகளையும் துடைக்க முடிய வேண்டும் என்று ஆரம்பித்திருந்தார். பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற அம்மா, வெயிலில் திரையில் தன் முகம்தான் தெரிகிறது, பஸ் நேரம் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கையில் துணிப்பை.

அவன் பதறி எழுந்து வந்தான். "என்னம்மா, சாப்பாட்டை வெச்சுட்டு வந்துட்டேனா?"

"இல்லைங்க, உங்க பையிலதான் இருக்கு."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம்..."

கடிதப் பிரிவு அம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் பெயர் பதிந்தபோதே அடையாளம் தெரிந்துகொண்டுவிட்டார். "வாங்க வாங்க! எல்லாரும் கேளுங்க, இவங்கதான் நம்ம ரிசப்ஷன்காரி!"

கைதட்டல் எழுந்தது. அவன் மட்டும் தட்டவில்லை. அவளைப் பார்த்தான், அந்த அம்மாவைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். கணக்கெல்லாம் அவன் முகத்திலேயே ஒவ்வொன்றாக ஓடுவது தெரிந்தது. கடைசியில் மெல்லக் கேட்டான்:

"அந்த மாமியார்... எங்கம்மாவா?"

விஷயம் புரிந்ததும் அறையே அதிர்ந்தது. ரொட்டிக் கடைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காது நுனி வரை சிவந்துபோய்ச் சிரித்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"சரி, ஆசையைச் சொல்லுங்க ரிசப்ஷன்காரி" என்றான்.

"சொல்லப் போறதில்லை. நீங்க செஞ்சு பாருங்க."

பையிலிருந்து ஆஸ்பத்திரி லேப்டாப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மேசை மேலிருந்த போனை எடுத்து அவன் தோளில் இடுக்கிவிட்டாள். தான் அறைக் கோடிக்குப் போய், வாய் மரத்துப்போன நோயாளி மாதிரி ஆரம்பித்தாள்.

"ழாக்டர் இழுக்காழா? நாழைக்குப் பழ்ழு மழிக்கு வழழாமா?"

"பத்து மணிக்கா, எட்டு மணிக்கா?"

"பழ்ழு! பழ்ழு!"

"பல்லா, பத்தா?"

பஸ் நிலையத்து அம்மா தானாகவே குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். ரொட்டிக் கடைக்காரர், "அடுத்தது யாரு?" என்று கத்தினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியே அங்கே வந்து இறங்கிவிட்டது. அவன் வேர்க்க வேர்க்க முதல் ஆளைப் பதிந்தான். இரண்டாவது ஆளைப் பதிந்தான். மூன்றாவது ஆளின் பெயரில் ஓர் எழுத்து தப்பியது. அழிக்கக் கை போயிற்று.

திரை கறுத்தது.

அவன் தன் விரலையே யாருடைய விரலோ என்பது போலப் பார்த்தான். "இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவையும் அதுதான் நடந்தது. அப்போது மேசைக் கோடியில் அதுவரை பேசாமல் இருந்த பெரிய மேலாளர் எழுந்து வந்தார். மெலிசாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தவர் அவர்தான். "நகருங்க, நான் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தார். முதல் ஆளிலேயே அணைத்துவிட்டார். லேப்டாப் மறுபடி ஊர்வலத்தோடு எழுந்தபோது, போனைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:

"எத்தனை மில்லிமீட்டர் கேட்டீங்க அன்னைக்கு?"

"ஒன்றரை சார்."

"ரெண்டா எடுத்துக்கோங்க."

சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ஒரு பஸ் வந்து போயிற்று. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"ஏம்மா வீட்லயே சொல்லலை?"

"எத்தனை தடவைங்க சொல்றது?"

"காதுல விழுந்துது. ஆனா கேக்கலை."

"நீங்களும்தான் மூணு கூட்டத்தைப் பத்தி என்கிட்ட மூச்சு விடலை."

"தோத்துட்டு வந்ததை வீட்ல எப்படிச் சொல்றது?"

"அதுக்குத்தானேங்க வீடு."

இரண்டாவது பஸ்ஸும் போய்விட்டது. நடந்தே போகலாம் என்று கிளம்பினார்கள். வழி முழுக்க அவன் அந்த மூன்று கூட்டங்களையும் நடித்துக் காட்டினான். பெரிய மேலாளர் மாதிரி மூக்கைத் தடவிக்கொண்டு பேசிக் காட்டியபோது அவள் ஒரு கடை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளும் தன் பங்குக்கு, பல் பிடுங்க வந்துவிட்டு உள்ளே கூப்பிடும்போதெல்லாம் கழிவறைக்கு ஓடுகிற போலீஸ்காரரின் கதையைச் சொன்னாள்.

எட்டு மாதத்தில் புது லேப்டாப் வந்தது. பவர் பட்டன் வலது ஓரத்தில், விரல் தெரியாமல் பட்டால் அழுந்தாதபடி கொஞ்சம் உள்வாங்கி உட்கார்ந்திருந்தது. முழக்கத்தை நிறுத்தி வைக்க வழி இருந்தது. புதுப்பிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் புதுப்பித்தது. 'கணினியில் இடம் குறைவாக இருக்கிறது. திறந்திருப்பவற்றில் சிலவற்றை மூடுங்கள்' என்று பக்குவமாகப் பேசியது. சார்ஜர் துளை மட்டும் இன்னும் இடது பக்கம்தான். அது ஏன் முடியவில்லை என்று அவன் படம் போட்டு ஒரு முழுப் பக்கம் எழுதி அவளிடம் கொடுத்திருந்தான்.

லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்கு அவனே கொண்டுவந்தான். அவள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று காத்திருப்பவர்களோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். மடியில் நோட்டு. அவள் கை போகிற இடம், தோள் சாய்கிற பக்கம், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். இவ்வளவு வேகமாக ஒரு மனுஷி வேலை செய்வாளா என்று ஆச்சரியமாக இருந்தது அவனுக்கு. பல் ஆஸ்பத்திரி என்றாலே வாசலோடு திரும்பிவிடுகிறவன் என்பதால் டாக்டரம்மா அவனைப் பார்த்ததே இல்லை.

"அடுத்தது யாரு?" என்று டாக்டரம்மா வெளியே வந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நோட்டோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். "பயப்படாதீங்க, வாங்க" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க, நான் வந்து..."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாற்றியிருக்கலாம். அவள் போனில் பேசிக்கொண்டே, போங்க போங்க என்று தலையை ஆட்டினாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. டாக்டரம்மா தலைக்கு மேலிருந்த விளக்கை இழுக்க எட்டினார், கை எட்டவில்லை, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அவன் பயத்தை மறந்து அந்த விளக்கையே பார்த்தான்.

"டாக்டர், இந்தக் கைப்பிடி உங்க பக்கம் இருந்தா சுலபமா இருக்குமே?"

"பத்து வருஷமா நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்! இதைச் செஞ்ச மகராசன் எங்கே இருக்கானோ. சரி, வாயைத் திறங்க."

அவன் திறந்தான். "அடேயப்பா, ரெண்டு பல்லை அடைக்கணும் போல இருக்கே!" என்று டாக்டரம்மா வெளியே கேட்கும்படி சொன்னார். ரிசப்ஷனில் அவள் சிரித்துக்கொண்டே புது லேப்டாப்பில் அவன் பெயரைப் பதிந்தாள், ஓர் எழுத்தும் பிசகாமல்.