பன்னிரண்டாவது சக்கர நாற்காலி

தணிக்கைக்குப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்பது ஆடிட்டரின் முப்பது வருட விரதம். வாய் நனைந்தால் பேனா வளைந்துவிடுமாம். கம்பெனியானாலும் சரி, தர்ம ஸ்தாபனமானாலும் சரி, வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவை ஒரு மூலையில் உட்கார்ந்து தனியாகத் திறப்பார். மனைவி போன பிறகு வீட்டிலும் அப்படித்தான். நேர்மையானவர் என்று ஊரே சொன்னது. சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் ஆளில்லை.

அன்று, நடக்க முடியாதவர்களுக்கான ஓர் இல்லத்தில் தணிக்கை. சொத்துப் பதிவேட்டில் சக்கர நாற்காலி பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

"அது ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வீட்ல இருக்கு சார்." இல்லத்தின் பொறுப்பாளரம்மாவுக்குக் குரல் உள்ளே போய்விட்டது. "கால் போனப்புறம் கட்டிலுக்கும் கதவுக்கும் தவழ்ந்துட்டிருந்தாரு. மனசு கேக்கல, குடுத்துட்டேன். எழுதி வைக்கணும்னு தோணவே இல்ல."

"நீங்க வித்துட்டீங்கன்னு இல்லத்தோட தலைவர் சொல்றாரும்மா. நாற்காலி காணோம்னு நான் எழுதினா, உங்க வேலை போயிடும்."

"தெரியும் சார்."

அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல், முகவரியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மூன்று தெரு தள்ளி, சந்தின் கடைசி வீடு. கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலோரம், நாற்காலியில் கண்டக்டர்.

"வாங்க சார், செக்கிங்கா? நடையிலேயே தெரியுது. சர்வீஸ்ல ஒரு தடவைகூட மாட்டினதில்ல, இப்ப டிக்கெட் இல்லாம மாட்டிக்கிட்டேன்!"

எண் இருக்கைக்கு அடியில் எழுதியிருந்தது. ஆடிட்டர் கைக்குட்டையை விரித்து மண்டியிட்டார். சாமி கும்பிடக்கூட அவர் அவ்வளவு குனிந்ததில்லை. பன்னிரண்டு! எழும்போது முட்டி பிடித்துக்கொண்டது. கண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"அந்தம்மாவுக்கு ஏதும் தொந்தரவா? இப்பவே எடுத்துட்டுப் போங்க சார். எனக்குத் தவழ்ந்து பழக்கம்தான்."

"உக்காருங்க. தொந்தரவு தீர்ந்துச்சு."

"அப்ப ஒரு வாய் டீ." பிளாஸ்க்கை எடுத்தார்.

"தணிக்கைக்குப் போற இடத்துல நான் குடிக்கிறதில்ல."

"நான் என்ன கம்பெனியா சார்? அவ போனதுலேருந்து இந்த ரெண்டாவது டம்ளர் கவுந்தேதான் கிடக்கு."

தன் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டம்ளர் கவிழ்ந்து கிடப்பது ஆடிட்டருக்கு ஞாபகம் வந்தது. டீ ஆறிப்போயிருந்தது, சர்க்கரை வேறு அதிகம். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

திரும்பி வந்து, 'பன்னிரண்டும் உள்ளன. ஒன்று தேவைப்பட்டவரிடம் இருக்கிறது, நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இனி இரவல் கொடுப்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்று ஆலோசனையும் சேர்த்தார்.

பொறுப்பாளரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரவல் போனதை வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பாக்கணுமா சார்?"

"ஆமா. அந்தப் பன்னிரண்டாவதை மட்டும் வாராவாரம் நானே பாத்துக்கறேன்."

அந்தச் சனிக்கிழமை காலையில், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அவருடைய டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை. இரண்டு பேருக்கு அடைத்திருந்தார்.