குமிழிமேல் விரல்

ஸ்ரீரஞ்சனி ஆழ்வார்பேட்டையில் ஒரு பதிப்பகத்தில் பல வருஷமாக மெய்ப்புப் பார்த்து, அச்சுப்பிழை திருத்தி வந்தாள். வைகாசியில் ஒரு நாள் காலை பேப்பரைப் பிரித்தபோது, அதில் இருப்பது எந்த மொழி என்றே அவளுக்குத் தெரியவில்லை. மூளையில் சின்ன ரத்தக்கட்டு என்றார்கள் ஆஸ்பத்திரியில். கை கால் நன்றாக இருந்தது. பேச்சும் வந்தது. எழுதக்கூட முடிந்தது, எழுதியதைப் படிக்கத்தான் முடியவில்லை.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கணவன் சாய்நாத்தைக் கேட்டாள்.

"கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடுமாம்."

மறுபடி படிக்கப் பயிற்சி கொடுக்க அவர்களுடைய மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துபோன புஷ்ரா, எழுத்தே இல்லாத சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை ஒருநாள் கொண்டுவந்தாள். ஸ்ரீரஞ்சனி அதைத் தள்ளி வைத்தாள்.

"பொம்மை பாக்கற வயசா எனக்கு?"

"இது பெரியவங்களுக்குப் போட்டது மேடம். ஒரு பக்கம் மட்டும் பாருங்க."

பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. எழுத்தைத் தேடிப் பழகிய கண் பக்கம் முழுக்க அலைந்தது.

"அவசரப்படாதீங்க. ஒவ்வொரு கட்டமா நின்னு பாருங்க. இதுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல என்ன நடந்திருக்கும்?"

முதல் கட்டத்தில் ஒரு கிழவர். மேஜைமேல் இரண்டு காபி டம்ளர். அடுத்ததில் அதே கிழவர், ஒரு டம்ளர். ஸ்ரீரஞ்சனி இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடைவெளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ போயிட்டா," என்றாள். பிறகு அழுதாள். துக்கத்திலா, ஒன்றைப் படித்துவிட்ட சந்தோஷத்திலா என்று புஷ்ரா கேட்கவில்லை.

அதன்பின் சாய்நாத் தி. நகரிலிருந்து வசனம் உள்ள காமிக்ஸும் வாங்கி வந்தான். அவன் வாசிக்க வாயெடுத்தால், "படிக்காதீங்கோ" என்று பேச்சுக் குமிழியை விரலால் மூடிவிடுவாள். யார் தோள் சரிந்திருக்கிறது, யார் யாரைப் பார்க்கவில்லை, எந்தக் கட்டம் இருட்டிக் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவளே கதை சொல்வாள். பாதி தப்பாக இருக்கும். தப்பென்று தெரிந்தால் அவளுக்குக் கோபமும் வரும்.

ஒரு மழை நாளில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒருவன் மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவன் பொய் சொல்றான். வாய் சிரிக்கறது, கண்ணு தரையைப் பாத்துண்டிருக்கு."

சாய்நாத் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டர் நெஜமா என்ன சொன்னார்?"

"எதுக்கு இப்போ அது?"

"சொல்லுங்கோ."

"பழையபடி படிக்க வராதுன்னுட்டார். அன்னிக்கே."

அவள் புத்தகத்தை மூடினாள். "பேப்பர், பஸ் நம்பர், மருந்துச் சீட்டு எல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டறேள். இதை மட்டும் ஏன் மறைச்சேள்?"

அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

மறுநாள், வேலையை விட்டுவிடுவதாகப் பதிப்பகத்துக்குத் தானே ஒரு கடிதம் எழுதினாள். பிழை பார்க்கச் சொல்லி அவனிடம் நீட்டினாள்.

அவன் இரண்டு தடவை படித்தான். தயங்கினான்.

"மூணாவது வரியில ஒரு தப்பு இருக்கு. பெரிய 'ற' வர்ற எடத்துல சின்ன 'ர' போட்டிருக்கே."

அவள் முகம் சிவந்தது.

"எங்கேன்னு காட்டுங்கோ."

அவள் விரலைப் பிடித்து அந்த எழுத்தின்மேல் வைத்தான். அவள் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தி எழுதினாள்.