தோல் பட்டைக்கு அடியில்

சனிக்கிழமை காலை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சியில், லைல் கிரைடர் தன் பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயசு. கண்ணில் பூதக்கண்ணாடி, பக்கத்தில் ஆறிப்போன காப்பி. பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்தில் கார்பைன் என்கிற பழைய குட்டை ராணுவத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் சரி என்றால் சரி. ஆனால் அவர் சரி என்று சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘இல்லை லைல்’ என்று பெயர். அவருக்கும் அது தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும்கூட.

வெல்மா ஸ்டவுஃபர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்து, போர்வையில் சுற்றியிருந்ததை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். அறுபதைத் தாண்டியவள். மடக்குப் பின்கட்டை வைத்த கார்பைன். விமானத்திலிருந்து குதிக்கும் சிப்பாய்களுக்காகச் செய்தது. பின்பாகம் வெறும் இரும்புக் கம்பி, நடுவில் கன்னம் வைக்க ஒரு தகடு, அதன்மேல் தோல் பட்டை. பக்கவாட்டில் மடங்கித் துப்பாக்கியோடு ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்த்தாலே லைலுக்குப் பதினேழு வயசாகிவிடும். கையில் எடுத்தார், கம்பியை விரித்தார், டக்கென்று சத்தம் கேட்டது. இதற்குப் பூட்டே கிடையாது, ஒரு சின்ன வில்லுதான் பிடித்துக்கொண்டிருக்கும். ஓட்டை வண்டிக் கதவு மாதிரி லொடலொடவென்று ஆடும். அந்த ஆட்டத்துக்காகவே இதைக் காதலிக்கிற பைத்தியங்கள் உண்டு. முதல் பைத்தியம் அவரேதான்.

வெல்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். புருஷன் ஆரின் வசந்த காலத்தில் இறந்துவிட்டான். இது அவனுடைய அப்பா க்ளெய்ட்டன் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் குதித்தபோது வைத்திருந்தது. மூட்டைக்குள் மடக்கி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஊர் அருங்காட்சியகத்தில் வைத்து அவர் பெயரைப் போடுவார்கள், ஆனால் இது அசல்தான் என்று லைல் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால்தான்.

லைலுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. இந்த நாட்டில் நார்மண்டியில் குதித்ததாகச் சொல்லப்படும் கார்பைன்களை எல்லாம் சேர்த்தால், குதித்த சிப்பாய்களைவிட அதிகம் இருக்கும். பாகம் பாகமாகப் பார்த்தார். குறிபார்க்கும் தகடு சரி. முன்வளையம் சரி. சுத்தி, விசை, குண்டுப்பெட்டித் தாழ், எல்லாவற்றிலும் இருக்க வேண்டிய கம்பெனி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில். கன்னம் பதிகிற தோல் பட்டையின் ஆணிகள் நேற்று அடித்த மாதிரி வரிசையாக நின்றன. பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது. நிஜமாகப் போருக்குப் போன துப்பாக்கி பத்துப் பட்டறையில் படுத்து எழுந்திருக்கும், கண்டதும் கலந்திருக்கும். இப்படிக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்காது.

“இல்லம்மா,” என்றார். “இது பின்னாடி யாரோ உக்காந்து கோத்தது. உன் வீட்டுக்காரர ஏமாத்திட்டாங்க. இல்லன்னா...”

“இல்லன்னா அவரு ஊர ஏமாத்தினாரு. அதானே?”

லைல் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த மேசைக்காரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான்.

வெல்மா கோபப்படவில்லை. அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் முன்னால் திறந்தாள். உள்ளே இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு, ஆரினின் சின்னக் கையெழுத்து. முதலாவதை எடுத்துப் படித்தார். ‘பின் குறித்தகடு. தப்பு என்றார் லைல் கிரைடர். அக்டோபர் 1987. கழற்றினேன்.’ அடுத்தது முன்வளையம். ‘தப்பு என்றார் லைல்.’ அதற்கடுத்தது சுத்தி. ஏழெட்டுச் சீட்டுகள், எல்லாவற்றிலும் அவர் பெயர்.

ஞாபகம் வரவில்லை. அந்த வருஷம் எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பார்! ஆரின் என்ற முகமே மனசில் இல்லை. வெல்மாதான் சொன்னாள். இதே கூடம், இதே மாதிரி ஒரு சனிக்கிழமை. பாகங்கள் கலவை, தோல் பட்டையை யாரோ பிரித்துத் திரும்ப ஆணி அடித்திருக்கிறார்கள், உன் அப்பா எங்கேயோ வாங்கிவிட்டுக் கதை விட்டிருக்கிறார் என்று நாலு பேர் முன்னால் லைல் ஆரினிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆரின் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அதைக் கேட்டுவிட்டான். க்ளெய்ட்டன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதற்கப்புறம் பழைய சிப்பாய்கள் கூடுகிற விருந்துக்கும் போகவில்லை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“மாமனாரு போனப்புறம் இவரு பைத்தியம் மாதிரி சரியான பாகமா தேடித் தேடி மாட்டினாரு,” என்றாள் வெல்மா. “நீங்க சரின்னு சொல்லிட்டா அப்பா பேரு திரும்பிரும்னு நெனச்சாரு. கடைசியா கழட்டினது தோல் பட்டை. புதுசா ஒண்ண மாட்டி அதோட நிறுத்திட்டாரு. உங்ககிட்ட வரவே இல்ல.”

டப்பாவின் அடியில் அது கிடந்தது. வியர்வையில் கறுத்து, ஒரு கன்னத்தின் வளைவு அப்படியே பதிந்த பழைய தோல். இதில் மட்டும் சீட்டு இல்லை. லைல் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஏதோ அழுந்திய கோடுகள், இடம் வலம் மாறிய எழுத்துகள். வெல்மா தன் சின்ன முகக்கண்ணாடியைத் திறந்து பக்கத்தில் பிடித்தாள்.

எஸ் 4417.

சிப்பாய்கள் தங்கள் சாமான்களில் எல்லாம் போட்டுக்கொள்வது அது. குடும்பப் பெயரின் முதல் எழுத்து, படை எண்ணின் கடைசி நாலு இலக்கம். க்ளெய்ட்டன் ஸ்டவுஃபரைப் பட்டாளத்திலிருந்து விடுவித்த தாளை வெல்மா விரித்து வைத்தாள். அதிலிருந்த படை எண்ணின் கடைசி இலக்கங்களை லைல் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார், அதே 4417. பட்டாளத்து அரசாங்கத் துப்பாக்கியில் யார் கண்ணிலும் படாமல் பெயர் போட வேண்டுமென்றால் தோலைப் பிரிக்க வேண்டும், அடியிலுள்ள இரும்பில் கீற வேண்டும், திரும்ப ஆணி அடிக்க வேண்டும். ஏமாற்று வேலைக்கு முதல் அடையாளம் என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது அந்த ஆணிகளைத்தான்.

“அத எடுத்தப்புறம் ஆரின் மூணு நாள் சாப்பிடல,” என்றாள் அவள். “அப்பாகிட்ட மன்னிப்பு கேக்க அப்பா இல்லையே.”

லைல் பழைய தோலை டப்பாவில் திரும்ப வைத்தார். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார், இவளிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்று நின்றுவிட்டார்.

“கடிதம் எழுதித் தர்றேம்மா.”

“எழுதுங்க. எண்பத்தேழுல நீங்க சொன்னதையும் சேத்து எழுதுங்க.”

கூடத்தில் யாரோ பன்றிக்கறிச் சாண்ட்விச்சுக்கு வரிசை பிடித்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். லைல் பெட்டியிலிருந்து குறடு ஒன்றை எடுத்தார். புதுத் தோலின் முதல் ஆணியை நெம்பினார். நெம்பிய வேகத்தில் மடக்குக் கம்பி வில்லிலிருந்து நழுவித் தானாக மடங்கப் பார்த்தது. வெல்மா கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது ஆணி வந்தது. தோலின் ஓரம் மெல்லத் தூக்கிக்கொள்ள, அடியில் துருவுக்கு நடுவே, ஆணி முனையால் கோணல்மாணலாகக் கீறிய ஒரு எஸ் மட்டும் முதலில் தெரிந்தது.