சொல்லாமல் போக வேண்டிய வீடு

பிச்சம்மாளுக்கு அந்த வாரம் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? தாராவிக்குப் புதிதாக வந்திறங்கிய வெள்ளைக்கார நர்ஸம்மாவுக்குச் சமையல்காரி அவள், கூடப் போகிற துணை அவள், போதாக்குறைக்குத் தமிழ் வாத்தியாரும் அவளே. மூன்றாம் கிளாஸைத் தாண்டாதவள் கடல் தாண்டி வந்தவளுக்குப் பேசச் சொல்லித் தருகிறாள் என்றால் சும்மாவா! தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் அளந்த அளப்பில் வரிசையில் நின்றவர்களுக்குக் காது புளித்துப்போனது.

"நான் இல்லேன்னா அந்தம்மா வாயே தொறக்காது பாத்துக்கோ. அது பேசுத ஒவ்வொரு பேச்சும் நான் சொல்லிக் குடுத்தது."

நர்ஸம்மாவின் பெயர் கெர்டா. நார்வேக்காரி. வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். மிஷன்காரர்கள் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். செம்பூரில் மிஷனுக்குக் காற்றோட்டமான பங்களா இருந்தது. அதில் இருந்துகொண்டு வேலை பார்த்திருக்கலாம். மாட்டேன், நான் ஜனங்களோடுதான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, தோல் ஷாப்புகளின் நாற்றம் நேராக மூக்கில் ஏறுகிற இடத்தில் இரண்டு அறை பிடித்துக்கொண்டாள். அவள் ஊரில் ஒரு கிழட்டுப் பாதிரியார் ஒரு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தார். அவ்வளவும் வேதப்புத்தகத் தமிழ். முதல் நாள் காலையிலேயே குழாயடிக்கு வந்து கைகூப்பி, "சகோதரிகளே, உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக" என்றாள் பாருங்கள், சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டில், இருந்த நம்பிராஜனுக்கு அன்றிலிருந்து அதுதான் பிழைப்பு. சாராயம் உள்ளே போனதும் வெள்ளைத் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவளைப் போலவே நடந்து காட்டுவான்.

அவள் அதற்கும் சேர்ந்து சிரித்தாள். கள்ளமில்லாத பெண். அதுதான் அவளுக்கு வினையாயிற்று.

வந்த இரண்டாம் நாள் பிச்சம்மாள் அவளைத் தன் அண்ணன் கோலிக்குக் கூட்டிப்போனாள். அண்ணன் சொரிமுத்து தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி முருகம்மாள் வாய்த் துடுக்குக்காரி. ஆறு வயதில் பேராச்சி, நாலு வயதில் பூதத்தான் என்று இரண்டு பிள்ளைகள். புருஷனை வாரிக்கொடுத்துவிட்டு நாங்குநேரிப் பக்கமிருந்து வந்த பிச்சம்மாளும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கோலியில் ஐந்து பேர். தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் காலை மடக்கிக்கொண்டுதான் அவள் படுப்பாள். தூக்கத்தில் பூதத்தான் உருண்டு வந்து அத்தை வயிற்றில் காலைத் தூக்கிப் போடுவான். அந்த இடமும் முருகம்மாள் மனசு வைத்ததால் கிடைத்தது என்பதை முருகம்மாள் ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை.

கெர்டா டீ குடித்தாள். பேராச்சிக்குச் சடை பின்னிவிட்டாள். எழுந்து நின்று, படித்த படிப்பு பிசகாமல், "நான் போகிறேன்" என்றாள்.

முருகம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. பிச்சம்மாள் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"ஏம்மா, விளக்கு வைக்கிற வீட்டுல அப்படியா சொல்லுவாவ? போறேன்னா ஒரேயடியாப் போறதுல்லா? போயிட்டு வாறேன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்போம்."

"போயிட்டு வாறேன்."

"ஆங்! அதுதான்."

"எந்த வீட்டிலும் இப்படியா?"

"எந்த வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள் பிச்சம்மாள். வாத்தியார் என்கிற மிதப்பு. ஒரு நொடி யோசித்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். யோசிக்கவில்லை.

கெர்டா வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். டீக்கடைக்காரனிடம் சொன்னாள். ஓரத்தில் படுத்திருந்த நாயிடம்கூடச் சொன்னாள். கேட்கக் கேட்கப் பிச்சம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் பேராச்சிக்குத் தொண்டை கட்டியது. கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பூசாரியிடம் மந்திரித்த தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள், விழுங்க முடியாமல் மூக்கு வழியாக வந்தது. நர்ஸம்மாவிடம் சொல்கிறேன் என்று பிச்சம்மாள் இரண்டு தரம் வாயெடுத்தாள். "ஒஞ்சோலியப் பாருளா. என் பிள்ளை வெள்ளைக்காரி வைத்தியம் பழகிப் பாக்கதுக்கா?" என்று முருகம்மாள் ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். பிள்ளைக்கு இழுப்பு வந்த பிறகுதான் பிச்சம்மாள் ஓடிப்போய்ச் சொன்னாள். கெர்டா செருப்புக்கூடப் போடாமல் சகதியில் ஓடிவந்தாள். பேராச்சியின் வாயைத் திறந்து பார்த்தாள். தொண்டைக்குள் சாம்பல் பூத்தாற்போல் ஒரு தோல் படர்ந்து கிடந்தது. "தொண்டை அடைப்பான்! ஆஸ்பத்திரி, சீக்கிரம்!" என்று அவள் தூக்கிக்கொண்டு எழும்போதே பிள்ளையின் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. எல்லாம் முடிந்துபோயிற்று.

அன்று முழுக்க கெர்டா பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் அவளைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவும் இல்லை. பிள்ளையைத் தூக்கிப்போன பிறகு அவள் பூதத்தானை மடியில் இழுத்து வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மருந்துப் பெட்டி அவள் அறையில் இருந்தது, போய் எடுத்துவர வேண்டும். எழுந்தாள். பையனின் கன்னத்தைத் தட்டினாள். கைகூப்பினாள். கோலி முழுக்கக் கேட்கும்படி, பிசிறில்லாமல் சொன்னாள்:

"போயிட்டு வாறேன்."

ஐயோ! இழவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு போவார்களா? எழுந்தோமா, திரும்பிப் பார்க்காமல் நடந்தோமா என்று போகிற இடமல்லவா அது? வாறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகும்? அதையும் இருக்கிற ஒற்றைப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சொல்கிறாள்!

ஒப்பாரி பட்டென்று நின்றது. முருகம்மாள் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"யாருக்குளா வாற? அடுத்து யாருக்கு வாற?"

கெர்டா ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிச்சம்மாள் அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, சந்து திரும்பியதும் விஷயத்தைச் சொன்னாள். கெர்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எந்த வீட்டிலும் என்று நீங்கள் சொன்னீர்களே, பிச்சம்மா?"

குழாயடியில் அளந்ததெல்லாம் பிச்சம்மாளுக்கு நினைவுக்கு வந்தது. "அம்மா, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். நான் சொல்லிக் குடுத்தேன்னு யாருட்டயும் மூச்சு விட்டுராதீய. எங்க மதினி என்னைய அடிச்சு வெரட்டிருவா. எனக்குப் போக்கிடம் இல்ல."

கெர்டா சரியென்று தலையை ஆட்டினாள்.

இரண்டு நாள் கழித்துப் பூதத்தானுக்குக் குரல் கம்மியது.

பிச்சம்மாள் இந்தத் தடவை தாமதிக்கவில்லை. அந்த மட்டும் நல்லவள்தான். விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய்ச் சொன்னாள். கெர்டா டாக்ஸி பிடித்து ரோட்டு முனையில் நிறுத்திவிட்டு, கொட்டுகிற மழையில் சந்துக்குள் வந்தாள். பையன்கள் பின்னாலேயே, "போயிட்டு வாறேன், போயிட்டு வாறேன்" என்று ராகம் போட்டுக்கொண்டு வந்தார்கள். நம்பிராஜன் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் ஆடினான். அந்த வேளையிலும் சிரித்தார்கள், பாவிகள்!

கோலி வாசலில் முருகம்மாள் விளக்குமாற்றோடு நின்றாள்.

"ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது. இன்றைக்கே போட்டால் பிழைப்பான். போடாவிட்டால் இந்தப் பிள்ளை சாகும்" என்றாள் கெர்டா. வேதப்புத்தகத்தில் சுற்றி வளைத்துப் பேசவா சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? உள்ளது உள்ளபடி சொன்னாள்.

"கேட்டியளா! வாயத் தொறந்தாச் சாவுதான் வருது" என்று முருகம்மாள் கூவினாள். விளக்குமாறு கெர்டாவின் தோளில் விழுந்தது. இரண்டாம் தரம் கன்னத்தில் கீறியது. கெர்டா நகரவில்லை. சகதியில் மண்டிபோட்டாள். யாரோ அடுப்புச் சாம்பலை வாரி அவள் தலையில் கொட்டினார்கள். மழையில் அது முகத்தில் கறுப்பாக வழிந்தது.

உள்ளேயிருந்து பூதத்தான் மூச்சுவிடுகிற சத்தம் வெளியே கேட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் சொரிமுத்து வாசலுக்கு வந்தான். சாகக் கிடப்பது அவன் பிள்ளை. அவன் மனசு ஆடிவிட்டது.

"ஊசியப் போட்டுத்தான் பாப்பமே, முருகம்மா."

"அந்த மூதேவி தொட்டா என் பிள்ள பொழைப்பானா? தெரிஞ்சுல்லா வாறேன்னு வாக்குக் குடுத்துட்டுப் போனா!"

சொரிமுத்து தங்கச்சி பக்கம் திரும்பினான். "ஏ பிச்சம்மா, நீதான அவகூட இருக்கவ. நீ சொல்லு. அந்தம்மா தெரியாமச் சொல்லிச்சா, தெரிஞ்சு சொல்லிச்சா? தெரியாமத்தான்னு சொல்லு, இப்பவே பிள்ளையத் தூக்கிட்டுப் போறேன்."

சந்து முழுக்க அவள் வாயைப் பார்த்தது. கெர்டாவும் மண்டிபோட்டபடியே அவளைத்தான் பார்த்தாள். தெரியாமல் சொன்னேன் என்று அவளே சொன்னால் யார் நம்புவார்கள்? கொடுத்த வாக்கையும் மீறாமல், "பிச்சம்மா, சொல்லுங்கள். தயவாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் கெஞ்சினாள்.

ஒரு வார்த்தை. 'நான்தாண்ணே தப்பாச் சொல்லிக் குடுத்தேன்.' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது முருகம்மாள் கேட்டாள்.

"நீதான பேச்சுச் சொல்லிக் குடுக்கேன்னு குழாயடியில பீத்துன? இதையும் நீதான் சொல்லிக் குடுத்தியா?"

அந்தக் கண்ணைப் பார்த்ததும் பிச்சம்மாளுக்கு உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடம் ஒன்றுதான் தெரிந்தது. பையனின் மூச்சு காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிற்று:

"நான் என்னத்தக் கண்டேன், மதினி? அவ்வொ படிச்சவ்வொ. தெரிஞ்சுதான் சொன்னாவளோ என்னமோ."

சொரிமுத்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. கெர்டா அந்தக் கதவைக் கையால் அடித்து அடித்துப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். டாக்ஸிக்காரன் ஹாரனை அடித்து ஓய்ந்து, போய்விட்டான்.

மறுநாள் காலை பையன் நீலம் பாரித்த பிறகு சொரிமுத்து எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் தொண்டையைப் பார்த்தார். "அரே, கல் க்யோம் நஹீ லாயா?" என்றார். நேற்றே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டால் சொரிமுத்து என்ன சொல்வான்? தோளில் கொண்டு போன பிள்ளையைத் தோளிலேயே திருப்பிக் கொண்டுவந்தான்.

கெர்டா அந்தச் சாவுக்கு வரவில்லை. வரவிடவில்லை. அவள் அறை ஜன்னலில் கல் விழுந்தது. செம்பூர் பங்களாவிலிருந்து ஆள் வந்து, இனிமேல் இங்கே வேலைக்காகாது, கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். அவள் வந்து இரண்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. பெட்டியில் பாதித் துணி இன்னும் பிரிக்காமலே இருந்தது.

பிச்சம்மாள்தான் பெட்டியைச் சுமந்துவந்து டாக்ஸியில் வைத்தாள். திட்டிவிட மாட்டாளா, ஒரு அறை விட்டுவிட மாட்டாளா என்று இருந்தது அவளுக்கு. கெர்டா திட்டவில்லை. கன்னத்து விளக்குமாற்றுக் கீறல் காய்ந்து கறுத்திருந்தது. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கைகூப்பினாள்.

"நான் போகிறேன்" என்றாள். "இப்போது சரிதானே, பிச்சம்மா?"

அப்படிச் சொல்லப்பிடாது என்று பழக்க தோஷத்தில் பிச்சம்மாளின் வாய் திறந்தது. திறந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். டாக்ஸி சயான் பக்கம் திரும்பிப் போயிற்று.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் கோலிக்குத் திரும்பினாள். சொரிமுத்து வாசலில் குடித்துவிட்டுக் கிடந்தான். முருகம்மாள் அவளைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். பிச்சம்மாள் வந்த நாளிலிருந்து ஒரு தரம்கூட அவளைத் தொடாதவள், இப்போது விடவே மாட்டேன் என்கிறாள்.

"எனக்கு இனி யாருளா இருக்கா? நீ ஒருத்திதான். எங்கயும் போயிராத."

அழுது ஓய்ந்த பிறகு முருகம்மாளே பாயை எடுத்து, பிள்ளைகள் படுக்கிற நடு இடத்தில் விரித்தாள். தலையணையும் போட்டாள்.

"அந்த மூலையில எதுக்குக் கெடக்க? இங்கன வா. காலை நீட்டிப் படு" என்றாள்.

பிச்சம்மாள் படுத்தாள். காலை நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை.