பச்சைக் கிளிப்

"இதுல நான் எங்கேம்மா இருக்கேன்?" என்று ஸ்பேனர் அண்ணன் ஒருமுறை என்னிடம் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எங்கள் வீட்டுப் பின்னறையில் குறுக்கே கட்டிய கொடியில் துணிக் கிளிப்புகள் வரிசையாக மாட்டியிருந்தன. நான் பச்சையைத் தொட்டுக் காட்டினேன்.

அந்தக் கொடியைப் பார்த்துத்தான் என் சொந்த அண்ணனின் பாட்டுக் குழு வாசிக்கும். முன்பெல்லாம் துண்டு துண்டாக வாசித்துவிட்டு, எது முன்னால், எது பின்னால் என்று அடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு கிடந்த நான் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டேன். சொல்லக் கூச்சம். ஒருநாள், பாட்டின் எந்தத் துண்டுக்கு எந்த நிறம் என்று சீட்டில் எழுதி வைத்து, கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிட்டு ஓடிவிட்டேன். சிவப்பு, திரும்பத் திரும்ப வரும் கனத்த கிட்டார் அடி. நீலம், பாடுகிற இடம். மஞ்சள், வேகம் பாதியாகக் குறைந்து எல்லோரும் ஒன்றாக இடிப்பது. அண்ணன் அந்த வரிசையில் வாசித்துப் பார்த்தான். அதன்பிறகு கிளிப்பில் வேறு யாரும் கை வைப்பதில்லை.

பச்சை, மற்றவர்கள் சும்மா நிற்க, ஸ்பேனர் அண்ணன் மட்டும் மெதுவாக வாசிக்கும் இடம். பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை அவருக்கு. குழுவில் இரண்டாவது கிட்டார். மற்ற நேரமெல்லாம் என் அண்ணன் வாசிப்பதையே அவரும் வாசிப்பார்.

"உங்க அண்ணி கேக்குறா, எல்லாம் ஒரே இரைச்சலா இருக்கே, இதுல நீங்க எதுன்னு. ரெக்கார்ட் ஆகட்டும், காட்டுறேன்டின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று தன் மனைவியைப் பற்றிச் சொல்வார்.

ரெக்கார்டிங் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது பாட்டு தெருவரை கேட்டது. ஸ்பேனர் அண்ணனுக்கு அன்று வேலை, வரவில்லை. சிவப்பு முடிந்தது. பச்சையின் இடத்தில் கொஞ்சம் அமைதி இருக்கும் என்று நினைத்தேன். நேராக மஞ்சள் இடித்தது. குடையோடு அப்படியே நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

உள்ளே அண்ணன் குதித்துக்கொண்டிருந்தான். "எமகாதகிடி நீ! பச்சையத் தூக்கினதும் தலையில பாறாங்கல்லு விழுந்த மாதிரி இருக்கு!"

"ஸ்பேனர்கிட்ட யாருடா சொல்றது?" என்றான் டிரம்ஸ்காரன்.

"இவ எடுத்ததுன்னா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கொடியின் கோடியில் ஓர் ஈரத் துண்டு தொங்கியது. அதைக் கவ்விக்கொண்டிருந்தது பச்சைக் கிளிப். துணியை உள்ளே காயப்போட்ட அம்மா, கிளிப் போதாமல் எடுத்திருக்கிறாள். "நான் எடுக்கல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பச்சையில் பாட்டு தொய்வது எனக்கு முன்பே தெரியும். எடுக்கத்தான் மனசு வரவில்லை. இப்போது என் கை படாமலே காரியம் முடிந்துவிட்டது.

மறுநாள் ஸ்பேனர் அண்ணன் மற்றவர்களுக்கு முன்னதாகவே வந்துவிட்டார். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொடியைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார்.

"துண்டு காயப்போடவா என் கிளிப்பு? அம்மா வேலையா?"

தலையாட்டினேன். அது உண்மைதானே.

"அதானே பாத்தேன். மாட்டும்மா, அவனுங்க வர்றதுக்குள்ள." பச்சையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். துண்டு தரையில் விழுந்தது.

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே இடைவெளி அப்படியே இருந்தது. கையைத் தூக்கினேன். கொடிக்குப் பக்கத்தில் போய் கை நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"நேத்து அது இல்லாம வாசிச்சாங்கண்ணா." கையை இறக்கினேன். "அதான் நல்லாயிருந்துச்சு."

அவர் கொடியையே பார்த்தார். இடது கை விரல்கள் காற்றில் கம்பிகளை அழுத்தின. கால் தரையில் தாளம் தட்டியது. சிவப்பு முடிகிற இடம் எனக்குத் தெரிந்தது. நிற்காமல் மஞ்சளுக்குத் தாவினார். கால் ஓங்கி ஒருமுறை இறங்கியது. அப்புறம் தட்டவில்லை.

குனிந்து துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"டீ போட்டுட்டேன், குடிச்சிட்டுப் போப்பா" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

கிளிப் என் கையில் இருந்தது. அவர் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.